திருட்டுப் பழி வந்தால் என்ன செய்வது?

கேள்வி: ஒரு வீட்டில் எட்டு மாதமாக 82 வயதுப் பாட்டியைப் பார்த்துக்கொள்கிறேன். மறதி நோய், எழுந்து நடக்கவும் முடியாது. தூக்கித் தூக்கி இடுப்பு விட்டுப்போச்சு. போன வாரம் வளையலைத் திருடிவிட்டேன் என்று கத்தினார். வேலையை விட்டுவிடலாமா அக்கா? - வாசகி, கோவை

பதில்: அவசரப்படாதே தங்கச்சி. முதியோர் வார்டில் முப்பது வருஷம் நர்ஸாக இருந்தேன். இதே பழியைக் கேட்டு நானும் அழுதிருக்கிறேன். பாட்டிக்கு வைத்த இடம் மறந்துவிடும். தான் மறந்ததும் அவருக்குத் தெரியாது. அதனால்தான் யாரோ எடுத்துவிட்டதாகத் தோன்றுகிறது. வாதாடாதே. "வாங்கம்மா, சேர்ந்து தேடலாம்" என்று தலையணை உறைக்குள் பார். நகையை வீட்டாரிடம் ஒப்படைத்து நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொள். குழப்பம் திடீரென்று கூடினால் சிறுநீர்த் தொற்றாகவும் இருக்கலாம், டாக்டரிடம் சொல்லச் சொல்.

அக்குளில் கை கொடுத்து இழுக்கவே இழுக்காதே. உன் இடுப்பும் போகும், அவர் தோளும் போகும். போர்வையை இரண்டாக மடித்து, தோளிலிருந்து தொடைவரை அடியில் விரி. ஆளுக்கொரு பக்கம் பிடித்து நகர்த்துங்கள். படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்ப வேண்டும். அதை ஒருத்தியே செய்வது நியாயமில்லை. வீட்டில் ஒருவர் கைகொடுத்தே ஆகவேண்டும்.

வார விடுமுறையையும் இன்றைக்கே கேள். முதியோர் உதவி எண் 14567. அந்த வீட்டாருக்கும் அதைக் கொடு.