சாலை கூட்டும் இயந்திரங்களின் மாற்று பிரஷ்கள்: கேள்வி பதில்

சாலை கூட்டும் இயந்திரங்களை ஓட்டுபவர்களும், பணிமனையில் பராமரிப்பவர்களும், உதிரிபாகம் வாங்கும் பிரிவில் இருப்பவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஒரே ஐயத்தைப் பலர் எழுப்பியிருந்தால், அவர்களில் தெளிவாகக் கேட்டவரின் கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி (பணிமனைப் பொறுப்பை அண்மையில் ஏற்றவர்): ஐயா, எங்கள் கிடங்கில் நடு பிரஷ்கள் மூன்று விதமாக இருக்கின்றன. ஒன்று முழு உருளையாக இருக்கிறது. ஒன்று வளையங்களாகக் கட்டுக்கட்டாக இருக்கிறது. மற்றொன்று நீளப் பட்டைகளாக இருக்கிறது. இவற்றுள் எது சிறந்தது?

பதில்: மூன்றும் ஒரே வேலையைச் செய்பவைதாம். இயந்திரத்தின் ஓரத்தில் தட்டு வடிவில் சுழலும் பக்க பிரஷ் விளிம்புக்கல்லை ஒட்டிய குப்பையை நடுப்பக்கம் இழுத்துத் தள்ள, குறுக்காகக் கிடக்கும் நடு பிரஷ் அதை வாரி கன்வேயரின் மேலோ தொட்டிக்குள்ளோ எறிகிறது. காற்றால் உறிஞ்சும் இயந்திரங்களில் வாரும் வேலையை உறிஞ்சுகுழல் செய்வதால், பலவற்றில் நடு பிரஷ் குப்பையைக் குழலின் வாய்க்குத் தள்ளும் துணையாக மட்டுமே இருக்கும்; சிலவற்றில் அது இருக்கவே இருக்காது.

முழு உருளை என்பது மையக் குழாயோடு சேர்ந்தே வருவது. தேய்ந்ததும் பழையதை உருவிவிட்டுப் புதியதைச் செருகிவிடலாம் என்பதால் மாற்றும் நேரம் மிகக் குறைவு, ஆனால் கிடங்கில் அது பிடிக்கும் இடம் அதிகம். வளையங்களை அச்சின் மேல் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து, இடையிடையே இடைவெளி வளையங்களைப் போட்டு இறுக்க வேண்டும். நேரம் பிடிக்கும் வேலைதான் என்றாலும், எஃகு வளையத்தையும் பிளாஸ்டிக் வளையத்தையும் நம் சாலைக்கு ஏற்றபடி கலந்துகொள்ளலாம் என்பது இதன் பெரிய வசதி. பட்டை வகையில் மையக் குழாய் இயந்திரத்திலேயே தங்கிவிடும். அதன் காடிகளில் உலோக முதுகு கொண்ட பட்டைகளைத் தள்ளிப் பூட்டினால் போதும். ஒரு பட்டை சிதைந்தால் அதை மட்டும் மாற்றத் தோன்றும். அப்படிச் செய்தால் புதிய பட்டை மற்றவற்றைவிட நீண்டு நின்று, ஒவ்வொரு சுற்றிலும் தரையை அடித்து இயந்திரத்தையே குலுக்கும். மாற்றினால் முழுத் தொகுதியாக மாற்றுவதே நல்லது. எதை வாங்குவது என்பதை உங்கள் பணிமனையில் ஆள் பலம் குறைவா, கிடங்கு இடம் குறைவா என்பதைப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

கேள்வி (ஓட்டுநர்): சாலையில் தூசி மிஞ்சினால் பிரஷ்ஷை இன்னும் கீழே இறக்கி அழுத்தும்படி மேலாளர் சொல்கிறார். அழுத்தினாலும் தூசி போகவில்லை. பிரஷ்தான் சீக்கிரம் தேய்கிறது. எவ்வளவு அழுத்துவது சரி?

பதில்: நீங்கள் கண்டது சரியே. பெருக்குவது இழையின் நுனியே தவிர அதன் உடல் அல்ல. வீட்டில் விளக்குமாற்றை மடங்கும்படி அழுத்திப் பெருக்கினால் தூசி தரையில் பூசினாற்போல் படிந்துவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதையே நுனி மட்டும் படும்படி பிடித்தால் தூசி தெறித்து விலகும். இழை சற்றே வளைந்து, தரையைவிட்டு மீளும்போது சுண்டிவிடும் அந்தச் சுண்டல்தான் குப்பையை எறிகிறது. மிகையாக அழுத்தினால் இழை படுத்துவிடுகிறது. சுண்டுவதற்குப் பதிலாகத் தேய்க்கிறது. தேய்ப்பதால் வரும் வெப்பத்தில் பாலிப்ரொப்பிலீன் இழைகளின் நுனி உருகி, ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடுவதும் உண்டு. அந்தப் பொருள் சுமார் 160 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடக்கூடியது.

அளவைக் கண்ணால் ஊகிக்க வேண்டாம், தடம் எடுத்துப் பாருங்கள். சமதளமான இடத்தில் தூசி படிந்த தரையில், தூசி இல்லையென்றால் சுண்ணக்கட்டித் தூளைத் தூவி, வண்டியை நகர்த்தாமல் பிரஷ்ஷை இறக்கி 15 முதல் 30 விநாடிகள் வரை சுழலவிட்டு உயர்த்துங்கள். பிறகு வண்டியை விலக்கினால் தரையில் துடைத்த பட்டை ஒன்று தெரியும். அதன் அகலம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பது இயந்திரத்தின் கையேட்டில் இருக்கும். ஆலை வளாகங்களில் ஓடும் சிறிய இயந்திரங்களுக்கு 5 முதல் 6.5 செ.மீ. வரை என்பது வழக்கமாகக் காணும் அளவு. பெரிய சாலை இயந்திரங்களுக்கு இன்னும் அகலமாக இருக்கும். உங்கள் மேலாளரை அருகில் நிறுத்திக்கொண்டு இந்தச் சோதனையைச் செய்யுங்கள். வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாததைத் தரையில் விழும் தடம் புரியவைத்துவிடும்.

கேள்வி (அதே ஓட்டுநர்): தடம் எடுத்துப் பார்த்தேன். ஒரு முனையில் அகலமாகவும் மறுமுனையில் குறுகலாகவும் ஆப்பு வடிவில் வருகிறது. பிரஷ் பழுதா?

பதில்: பிரஷ் பழுதாகவும் இருக்கலாம், அதைத் தாங்குவது பழுதாகவும் இருக்கலாம், இதைப் பிரித்தறியாமல் புதிய பிரஷ் போட்டால் அதுவும் அதே வடிவில் தேயும். முதலில் பிரஷ்ஷின் விட்டத்தை இரு முனைகளிலும் நடுவிலும் அளந்துகொள்ளுங்கள். மூன்றும் ஒன்றாக இருந்தும் தடம் ஆப்பாக விழுந்தால், அச்சு தரைக்கு இணையாக இல்லை என்று பொருள். தாங்கும் கையின் புஷ், பேரிங், மட்டம் சரிசெய்யும் திருகு, இரு பக்க டயர்களின் காற்றழுத்தம் ஆகியவற்றைப் பாருங்கள். டயர் காற்றை நான் கடைசியாக எழுதியிருந்தாலும், பார்க்கும்போது முதலில் அதைப் பாருங்கள். அரை நாள் அச்சோடு மல்லாடிவிட்டுக் கடைசியில் காற்று அடித்துத் தீர்த்த வேலை எனக்கே நேர்ந்திருக்கிறது.

விட்டமே ஒரு முனையில் குறைந்திருந்தால் தேய்மானம் கூம்பாகிவிட்டது. ஓரக் குப்பை எப்போதும் ஒரே பக்கம் குவிந்து விழும் இயந்திரங்களில் இது இயல்பாகவே நேரும். இரு முனைகளும் ஒரே அமைப்பு கொண்ட உருளையானால், குறிப்பிட்ட மணிநேரத்துக்கு ஒருமுறை முனை மாற்றிப் போடுவது இதைத் தடுக்கும். ஒரே திசையில் வளைந்து பழகிய இழைகள் எதிர்த்திசையில் வேலை செய்யத் தொடங்குவதால் நுனியும் புதுக் கூர்மை பெறும். கையேடு அனுமதித்தால் மட்டும் இதைச் செய்யுங்கள்.

தேய்ந்த பிரஷ்ஷைக் கழற்றியவுடன் குப்பையில் எறிந்துவிடாதீர்கள் என்று நான் பணிமனைகளில் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இதுதான். இயந்திரத்தில் எங்கே கோளாறு என்பது அதன் வடிவத்தில் எழுதியிருக்கும்.

கேள்வி (வாங்கும் பிரிவு): எஃகு, பாலிப்ரொப்பிலீன், நைலான் ஆகியவற்றுள் எதைத் தேர்வது? விலை வேறுபாடு நியாயமானதா?

பதில்: பக்க பிரஷ்களில் வரும் எஃகு பெரும்பாலும் தட்டைக் கம்பி, உயர் கார்பன் வில் எஃகால் ஆனது. இறுகிப்போன மண், விளிம்புக்கல் ஓரப் புல், காய்ந்த சேறு ஆகியவற்றைச் சுரண்டி எடுக்க அதற்கு நிகர் இல்லை. ஆனால் நுண்தூசியைக் கம்பிகளின் இடைவெளியில் நழுவவிட்டுவிடும். பாலிப்ரொப்பிலீன் நீரை உறிஞ்சாது, மலிவானது, தூசியையும் இலைகளையும் நன்றாக வாரும். நைலான் தேய்மானத்தைப் பாலிப்ரொப்பிலீனைவிட நன்றாகத் தாங்கும், வளைந்தால் எளிதில் நிமிரும். அதன் குறை, ஈரத்தை உறிஞ்சி மென்மையாகிவிடுவது. தூசி அடக்க நீர் தெளித்துக்கொண்டே ஓடும் இயந்திரத்தில் இந்தக் குறையைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இழை நேராக இருக்கிறதா, நெளிவாக இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். நெளி இழைகள் ஒன்றையொன்று தாங்கி அடர்த்தியாக நிற்பதால் நுண்தூசிக்கு ஏற்றவை. நேர் இழைகள் முரட்டுக் குப்பைக்கு ஏற்றவை. எஃகும் பிளாஸ்டிக்கும் கலந்த பிரஷ்களைச் சிலர் இரண்டுங்கெட்டான் என்று ஒதுக்குகிறார்கள். மண்ணும் தூசியும் கலந்து கிடக்கும் நகர்ச்சாலைக்கு அதுவே பொருத்தமானது என்பது என் கருத்து. விலையைப் பொறுத்தவரை, ஒரு பிரஷ்ஷின் விலையை ஒப்பிடாமல், அது கூட்டி முடித்த கிலோமீட்டருக்கு என்ன செலவு என்று ஒப்பிடுங்கள். அதற்கு மாட்டிய தேதியையும் கழற்றிய தேதியையும் ஓடிய தூரத்தையும் ஒரு பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும். பல இடங்களில் அந்தப் பதிவேடுதான் இல்லை.

கேள்வி (வாங்கும் பிரிவு, மற்றொருவர்): இரண்டு விற்பனையாளர்கள் ஒரே விட்டம் என்று சொல்லி பிரஷ் தருகிறார்கள், ஒன்றின் எடை வெகுவாகக் குறைவு. ஒப்பந்தத்தில் எவற்றை எழுத வேண்டும்?

பதில்: எடை குறைந்ததில் பெரும்பாலும் இழைகளின் எண்ணிக்கை குறைந்திருக்கும். வெளிவிட்டம் மட்டும் எழுதினால் இப்படித்தான் முடியும். வெளிவிட்டத்தோடு, மையத் துளையின் விட்டம், போல்ட் துளைகளின் எண்ணிக்கையும் அவை அமைந்த வட்டத்தின் விட்டமும், இழைகள் பதிந்த தகட்டுக்கு வெளியே நீளும் இழையின் நீளம், இழையின் பொருளும் குறுக்களவும், வரிசைகளின் எண்ணிக்கை, மொத்த எடை, சுழற்சித் திசை ஆகியவற்றை எழுதுங்கள். குறுக்களவில் கவனம் தேவை: வட்டக் கம்பியின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கோடு மாறும். ஆகவே விட்டம் 10 விழுக்காடு குறைந்தாலே விறைப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும்.

கேள்வி (பணிமனை உதவியாளர்): புதிய பக்க பிரஷ் துண்டுகளை மாட்டினோம். வலப்பக்கம் நன்றாகக் கூட்டுகிறது, இடப்பக்கம் குப்பையின் மேல் வழுக்கிப் போகிறது.

பதில்: வலப்பக்கத் துண்டுகளையே இடப்பக்கமும் மாட்டியிருக்கிறீர்கள். குப்பையை நடுவுக்கு இழுப்பதற்காக, மேலிருந்து பார்க்கும்போது வல பிரஷ் கடிகார முள்ளுக்கு எதிராகவும் இட பிரஷ் கடிகார முள்ளின் திசையிலும் சுழல்கின்றன. கம்பிகள் சாய்வாகப் பதிக்கப்பட்ட வகையில் இட, வல வேறுபாடு உண்டு. கழற்றி மாற்றுங்கள்.

கேள்வி (மிதிவண்டி ஓட்டுபவர்): இது பராமரிப்புக் கேள்வி அல்ல. என் மிதிவண்டி டயரில் அடிக்கடி தட்டையான எஃகுக் கம்பித் துண்டு குத்தி நிற்கிறது. கூட்டும் இயந்திரத்தில் இருந்து விழுவதாகச் சொல்கிறார்கள். உண்மையா?

பதில்: உண்மைதான். எஃகுக் கம்பி ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து நிமிர்வதால் களைப்புற்று, பெரும்பாலும் தகட்டுக்குள் நுழையும் அடியில் முறிகிறது. மிகை அழுத்தமும் துருவும் இதை விரைவுபடுத்தும். ஓட்டுநர் அழுத்தத்தைச் சரியாக வைப்பதும், கம்பி கொட்டத் தொடங்கிய பிரஷ்ஷை உடனே மாற்றுவதும் பொதுமக்களுக்குச் செய்ய வேண்டிய கடமை. அந்தத் துண்டுகளுக்கும் தேவையுள்ளவர்கள் இருக்கிறார்கள். பூட்டைச் சாவியின்றித் திறப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள், நல்ல வில் எஃகு என்று சாலையோரத்தில் தேடிப் பொறுக்கிக் கருவி செய்துகொள்கிறார்கள்.

கேள்வி (விமான நிலையத் தரைப்பணி): ஓடுபாதையைக் கூட்டவும் இதே பிரஷ்களைப் பயன்படுத்தலாமா?

பதில்: முந்தைய பதிலே உங்களுக்கும் காரணம் சொல்லும். விழுந்த ஒரு கம்பி விமானத்தின் எஞ்சினுக்குள் இழுபட்டாலோ டயரைக் கிழித்தாலோ விளைவு கடுமையானது. அயல்பொருள் அகற்றும் பணிக்கு உலோகம் கலவாத பிரஷ்களையே தேர்ந்தெடுங்கள். பனி அகற்றும் பணியில் எஃகு கலந்தவை பயன்படும் இடங்களிலும், பின்னால் காந்தப் பட்டை இழுத்துச் சென்று பாதையைச் சோதிப்பதை விட்டுவிடக் கூடாது.

கேள்வி (வரலாற்றில் ஆர்வமுள்ளவர்): மாற்றிப் பொருத்தும் பிரஷ் என்ற எண்ணம் எப்போது வந்தது?

பதில்: குறைந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்குள் வந்துவிட்டது. 1840களில் மான்செஸ்டரில் ஜோசப் விட்வொர்த் குதிரை இழுக்கும் கூட்டும் இயந்திரத்தை உருவாக்கினார். அமெரிக்காவின் நியூவார்க் நகரைச் சேர்ந்த சார்லஸ் புரூக்ஸ் 1896 மார்ச் 17 அன்று காப்புரிமை பெற்ற கூட்டும் வண்டியில், சுழலும் பிரஷ்ஷைக் கழற்றிவிட்டுக் குளிர்காலத்தில் பனி வழிக்கும் தகட்டைப் பொருத்த வழி இருந்தது.

கேள்வி (பணிமனை மேற்பார்வையாளர்): எந்த அளவு தேய்ந்தால் மாற்ற வேண்டும்? இழை இன்னும் கையளவு இருக்கும்போது மாற்றச் சொல்கிறார்கள்; வீண் செலவாகத் தோன்றுகிறது.

பதில்: ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். புதிதாக 90 செ.மீ. விட்டமும் 25 செ.மீ. இழையும் உள்ள பிரஷ், நிமிடத்துக்கு 100 சுற்று சுழல்வதாகக் கொண்டால், இழை நுனியின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 4.7 மீட்டர். விட்டம் 60 செ.மீ. ஆகும்போது அதே சுற்றில் வேகம் 3.1 மீட்டராக இறங்கிவிடும். பழைய வேகம் வேண்டுமானால் சுற்றை 150 ஆக உயர்த்த வேண்டும். அதற்குள் இழையும் 10 செ.மீ. ஆகக் குறுகியிருக்கும். ஒரு முனையில் பிடித்த இழையின் விறைப்பு, நீளம் குறையக் குறைய அதன் மூன்றாம் அடுக்கில் கூடுவதால், இப்போது அது புதியதைவிட சுமார் 15 மடங்கு விறைப்பாகிவிட்டது. சுண்டும் தன்மை போய், குச்சியைப் போலத் தரையை இடிக்கும். மோட்டாருக்கும் பேரிங்குக்கும் சாலைப் பரப்புக்கும் அந்த இடி போய்ச் சேரும். கையளவு மிச்சம் என்று கண்ணுக்குத் தெரிவது வேலைக்கு உதவாத மிச்சம். மாற்றும் எல்லையைக் கையேட்டில் பார்த்து, அந்த நீளத்துக்கு ஒரு மரக்கட்டை அளவுகோல் செய்து பணிமனையில் தொங்கவிடுங்கள்.

கேள்வி (கிடங்குக் காப்பாளர்): அடுக்கிவைத்த பிரஷ்களில் அடியில் இருப்பவை வளைந்துவிடுகின்றன.

பதில்: எடை இழையின் மேல் இறங்காதபடி, உருளைகளைச் செங்குத்தாக நிறுத்துங்கள் அல்லது மையக் குழாயில் தாங்குங்கள். பிளாஸ்டிக்கை வெயில் படாமலும் எஃகை ஈரம் படாமலும் வையுங்கள். இயந்திரத்தை இரவில் நிறுத்தும்போதும் பிரஷ்ஷைத் தரையில் அழுந்த விட்டுச் செல்லாமல் உயர்த்திப் பூட்ட வேண்டும்.

கேள்வி (இயந்திரப் பழுது நீக்குபவர்): ஒவ்வொரு முறை பிரஷ் மாற்றிய பிறகும் சில வாரங்களில் பக்க பிரஷ்ஷின் ஹைட்ராலிக் மோட்டார் எண்ணெய் கசிகிறது. எண்ணெய் கசியாதபடி அச்சைச் சுற்றி அடைக்கும் சீல் வளையத்தை மூன்று முறை மாற்றிவிட்டோம்.

பதில்: மோட்டார் அச்சைச் சுற்றிக் கயிறோ, நைலான் நூலோ, பெட்டி கட்டும் பிளாஸ்டிக் நாடாவோ இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். சாலையில் கிடக்கும் இவை பிரஷ்ஷில் சிக்கி, மெல்ல மேலேறி, சீலின் உதட்டுக்கு அடியில் புகுந்து அறுத்துவிடும். எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்து, சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்து, ஹைட்ராலிக் அழுத்தத்தை வெளியேற்றி, தூக்கிய கைக்குத் தாங்கு கம்பி வைத்த பிறகே கீழே கை நீட்டுங்கள். தடித்த கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். தகட்டைக் கழற்றிய அன்றே சிக்கிய நூலைக் கொக்கியால் இழுத்து அறுத்து, தகடு அமரும் முகத்தையும் கம்பி பிரஷ்ஷால் துருப் போகத் தேய்த்துவிட்டுப் புதியதை மாட்டுங்கள். அந்த முகத்தில் ஒட்டிய சேறு தகட்டைச் சாய்த்து உட்காரவைக்கும். சாய்ந்த தகடு ஆட்டம் கொடுக்கும். அந்த ஆட்டமும் நான்காவது சீல் வளையத்தைத் தின்றுவிடும். ஓடத் தொடங்கிய முதல் நாள் முடிவில் போல்ட்களை ஒருமுறை மீண்டும் இறுக்கிப் பாருங்கள்.