இரண்டு மணி நேரம் வார்டு ஃபிரிட்ஜில் இருந்த தட்டணுப் பையை (ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்) நோயாளிக்கு ஏற்றலாமா?

ஏற்ற வேண்டாம். இரண்டு மணி நேரம் வார்டு ஃபிரிட்ஜில் இருந்த தட்டணுக்கள், வெளியே எடுத்து வைத்தாலும் பழைய நிலைக்குத் திரும்பாது. உடனே ரத்த வங்கிக்குச் சொல்லி மாற்றுப் பை கேளுங்கள்.

சிவப்பணுப் பை என்று நினைத்து யாரோ உள்ளே வைத்திருப்பார்கள். சிவப்பணுக்களுக்கு 2 முதல் 6 டிகிரி செல்சியஸ். தட்டணுக்களுக்கோ 20 முதல் 24, அதுவும் மெல்ல அசைந்துகொண்டே இருக்க வேண்டும். குளிர் பட்டால் தட்டையான அணு உருண்டுவிடும். ஏற்றியபின் கல்லீரல் அதை விரைவில் அகற்றிவிடும்.

எந்தப் பை வந்தாலும் முதலில் லேபிளில் உள்ள வெப்பநிலையைப் பாருங்கள். பையை வெளிச்சத்தில் பிடித்து மெதுவாக ஆட்டினால், நல்ல தட்டணுக்கள் பட்டுத்துணிபோல் மினுங்கிச் சுழலும். அப்படிச் சுழன்றாலும் நீங்களாக முடிவெடுக்காதீர்கள்.

ரத்தப்போக்குக்கென்றே சில இடங்களில் குளிரில் சேமித்த தட்டணுக்கள் உண்டு. அவற்றின் லேபிளே வேறு.