தொங்கும் தோலுக்கு அறுவை சிகிச்சை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: உடல் எடையைக் குறைக்க இரைப்பையைச் சிறிதாக்கும் ஸ்லீவ் ஆப்ரேஷன் முடிந்து 14 மாதமாகிறது. 118 கிலோ இருந்தேன், இப்போது 71. உயரம் 158 செ.மீ. இன்னும் மாதம் 2 கிலோ இறங்குகிறது. தொங்கும் வயிற்றுத் தோலை இப்போதே எடுத்துவிடலாமா?

பதில்: இன்னும் கொஞ்சம் பொறுங்கள். உங்கள் பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் எண்) 28, அந்தக் கணக்கில் தடையில்லை. ஆனால் எடை இறங்கிக்கொண்டிருக்கும்போது தோலை வெட்டித் தைத்தால், அடுத்த 8, 10 கிலோ குறையும்போது அதே இடம் மறுபடி தளரும். எடை ஒரே இடத்தில் நின்று மூன்று மாதமாவது, முடிந்தால் ஆறு மாதம், ஆகட்டும். இனி குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் வயிற்று அறுவையைப் பிரசவத்துக்குப் பின் வைத்துக்கொள்ளுங்கள்.

காத்திருக்கும் காலத்தில் ரத்தத்தைச் சரிசெய்யுங்கள். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (இரும்புச் சேமிப்பு), பி12, ஃபோலேட், வைட்டமின் டி, ஆல்புமின் (ரத்தப் புரதம்), சர்க்கரை இருந்தால் எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) ஆகியவற்றைப் பாருங்கள். ஸ்லீவ் செய்தவர்களுக்குப் புரதமும் இரும்பும் குறைவது சகஜம். புரதம் இல்லாமல் தையல் சேராது; அறுவைக்கு முன் பலர் கோட்டைவிடுவது இங்கேதான். நாளுக்கு 60 முதல் 80 கிராமாவது வேண்டும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான். தேவையானால் புரதப் பொடியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரு மருத்துவர் 'பானிகுலெக்டமி' என்கிறார், இன்னொருவர் 'டம்மி டக்' என்கிறார். இரண்டும் ஒன்றா?

பதில்: இல்லை. பானிகுலெக்டமி என்றால் அடிவயிற்றில் மடிந்து தொங்கும் தோலையும் கொழுப்பையும் அறுத்து எடுப்பது, அவ்வளவுதான். மடிப்புக்குள் ஓயாத புண், வாடை, நடக்கச் சிரமம் ஆகியவற்றுக்கு அதுவே போதும். மேல்வயிறு அப்படியேதான் இருக்கும்.

டம்மி டக்கில் தோலை விலா எலும்பு வரை கிளப்பி, பிரசவத்திலும் பருமனிலும் விலகிப்போன நடுவயிற்றுத் தசைகளை இழுத்துத் தைத்து, தொப்புளுக்குப் புதிய வாசல் வைத்துத் தோலைக் கீழே இழுத்து மூடுவார்கள். தழும்பு ஓர் இடுப்பெலும்பிலிருந்து மறு இடுப்பெலும்பு வரை ஓடும்.

50 கிலோ அளவுக்குக் குறைத்தவர்களுக்குத் தோல் மேலிருந்து கீழாக மட்டுமல்ல, பக்கவாட்டிலும் தளர்ந்திருக்கும். அதற்கு நடுவயிற்றிலும் நெடுக்காக வெட்ட வேண்டிவரும். தழும்பு தலைகீழான 'T' போல இருக்கும். அந்த இரண்டு கோடுகளும் சந்திக்கும் முனைக்குத்தான் ரத்த ஓட்டம் மிகக் குறைவு. தையல் பிரிந்தால் பெரும்பாலும் அங்கேதான் பிரியும். முதுகும் பிட்டமும் சேர்ந்து தொங்கினால் இடுப்பைச் சுற்றி பெல்ட் போல எடுப்பார்கள்; நீண்ட நேர அறுவை, ரத்த இழப்பும் கூடுதல்.

கேள்வி: தழும்பே வேண்டாம். லைப்போசக்‌ஷன் போதாதா?

பதில்: போதாது. அது கொழுப்பை உறிஞ்சும், தோலைச் சுருக்காது. காற்றுப்போன பலூனில் மிச்சக் காற்றையும் எடுத்தால் இன்னும் தொங்கத்தான் செய்யும். கிரீம்களும் இந்த அளவுத் தோலை ஏற்றாது. தழும்புக்கு மனம் ஒப்பவில்லை என்றால் அறுவையே வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

கேள்வி: கை, தொடை, வயிறு எல்லாவற்றையும் ஒரே மயக்கத்தில் முடிக்க முடியுமா?

பதில்: கேட்கக் கவர்ச்சிதான். மேசையில் நேரம் கூடக்கூட உடல் குளிரும், ரத்தம் போகும், காலில் ரத்தக்கட்டி உருவாகும் ஆபத்து ஏறும். வயிற்றை முதலில் செய்து, மூன்று மாதமாவது இடைவெளி விட்டு அடுத்ததைச் செய்வது நல்லது. கைத் தழும்பு அக்குளிலிருந்து முழங்கை வரை உள்பக்கம் ஓடும். அங்குள்ள உணர்வு நரம்பு அடிபட்டால் முன்கையின் உள்பக்கம் மரத்துப்போகும். தொடை இடுக்கில் வியர்வையும் உராய்வும் இருப்பதால் புண் ஆறுவது மெதுவாக இருக்கும், கால் வீக்கமும் வரலாம்.

கேள்வி: சிகரெட்டை விட்டுவிட்டு நிக்கோட்டின் பபிள்கம் மெல்கிறேன். வாரம் ஒருமுறை எடை குறைய செமாக்ளுடைட் ஊசியும் போடுகிறேன். பரவாயில்லையா?

பதில்: இரண்டையும் மறைக்காதீர்கள். நிக்கோட்டின் எந்த வடிவில் வந்தாலும் நுண்ணிய ரத்தக்குழாய்களைச் சுருக்கும். இழுத்துத் தைத்த தோலின் ஓரம் கறுத்துச் செத்துவிடும். அறுவைக்கு முன்னால் நான்கு வாரம், பின்னால் நான்கு வாரம் கம்மும் வேண்டாம், வேப்பும் (மின்சிகரெட்) வேண்டாம். செமாக்ளுடைட் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். வயிற்றில் உணவு மிச்சமிருந்தால் மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் போகலாம். ஊசியை நிறுத்துவதா, அறுவைக்கு முந்தைய நாள் திரவ உணவு மட்டுமா என்பதை மயக்க மருத்துவர் முடிவு செய்ய வேண்டும். ஆப்ரேஷன் அன்று காலையில் சொன்னால் தேதி தள்ளிப்போகும்.

கேள்வி: வயிற்று அறுவைக்குப் பின் நீர் வடிய வைத்த டிரெயின் குழாயை எடுத்து ஒரு வாரம் ஆகிறது. அடிவயிற்றில் தண்ணீர்ப்பை போலத் தளும்புகிறது. பயமாக இருக்கிறது.

பதில்: பெரும்பாலும் அது செரோமா. தோலுக்கும் தசைக்கும் இடையே நிணநீர் தேங்குவது. இந்த அறுவையில் மிக அடிக்கடி வரும் தொந்தரவு இதுதான். 24 மணி நேரத்தில் குழாயில் வடிவது 30 மில்லிக்குக் கீழே இரண்டு நாள் நின்ற பிறகே குழாயை எடுப்பது வழக்கம். முந்தி எடுத்தாலும் சீக்கிரம் அதிகம் நடமாடினாலும் தேங்கும். சர்ஜனிடம் போனால் ஊசியால் உறிஞ்சி எடுப்பார், இரண்டு மூன்று முறை தேவைப்படலாம். வீட்டில் குத்தவோ அமுக்கவோ கூடாது. ஆறு வாரம் வயிற்றை இறுக்கிப் பிடிக்கும் பெல்ட்டை விடாமல் போடுங்கள்; 5 கிலோவுக்கு மேல் தூக்க வேண்டாம், தண்ணீர்க் குடம் உட்பட.

காய்ச்சல், சீழ், தோல் கறுத்தல் இருந்தால் அன்றே போங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ திடீரென மூச்சு வாங்கினாலோ நள்ளிரவானாலும் அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள். ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம்.

கேள்வி: மருத்துவக் காப்பீடு கிடைக்குமா?

பதில்: அழகுக்கான பிளாஸ்டிக் சர்ஜரியை இந்தியக் காப்பீட்டு பாலிசிகள் பொதுவாக விலக்குகின்றன. உடனடி உடல்நல ஆபத்தை நீக்கத் தேவை என்று சிகிச்சை தரும் மருத்துவர் சான்றளித்தால் அந்த விலக்கில் வழி உண்டு. மடிப்புப் புண்ணின் படங்களைத் தேதியோடு எடுங்கள், தோல் மருத்துவரின் சீட்டுகளையும் போட்ட மருந்துகளின் ரசீதுகளையும் சேருங்கள், ஆப்ரேஷனுக்கு முன்பே எழுத்தில் அனுமதி கேளுங்கள். செலவு கட்டாது என்றால் சென்னை ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் போன்ற அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பிளாஸ்டிக் சர்ஜரி துறை இருக்கிறது. எங்கே போனாலும் சர்ஜனுக்குப் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது டி.ஆர்.என்.பி. (முன்பு டி.என்.பி.) பட்டம் இருக்கிறதா என்று கேட்கத் தயங்காதீர்கள்.