தெசலோனிகியில் என்ன இருக்கிறது? (கடிதம்)

அன்புள்ள சார்,

போன மாதம் குடும்பத்தோடு கிரேக்கம் போய் வந்தோம். நீங்கள் ஆசையாக எழுதியிருந்தீர்களே என்று தெசலோனிகிக்கு இரண்டு நாள் ஒதுக்கினேன். 2300 வருடப் பழமையான துறைமுகம் என்றார் கைடு. எனக்குத் தெரிந்தது வரிசையாக எட்டு மாடிக் கட்டடங்களும் காப்பிக் கடைகளும்தான். கடற்கரையில் ஒரு வெள்ளைக் கோபுரம், அதுவும் வெள்ளையாக இல்லை. ஏதென்ஸிலேயே இருந்திருக்கலாம் என்று மனைவி இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அப்படி என்ன சார் இருக்கிறது அந்த ஊரில்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கோபுரத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். அது பழைய கோட்டை மதிலின் மூலைக் கோபுரம். அப்போது ஊரை ஆண்ட உஸ்மானியத் துருக்கியர் கட்டியது, ரொம்ப காலம் சிறையாக இருந்தது. 1826இல் சுல்தானின் ஆணைப்படி, அவருடைய காவல்படையாகவே இருந்த ஜானிசரிப் படைவீரர்களை அங்கே கொன்று குவித்ததால் ‘ரத்தக் கோபுரம்’ என்று பெயர் விழுந்துவிட்டது. 1890 வாக்கில் ஒரு கைதி, தன்னை விடுதலை செய்தால் போதும் என்று சொல்லி அதற்கு வெள்ளையடித்துக் கொடுத்தார். சுண்ணாம்பு உதிர்ந்துபோய் நாளாகிறது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

நீங்கள் தேடிய பழைய ஊரில் பெரும்பகுதி எரிந்துபோனது. 1917 ஆகஸ்ட் 18, சனிக்கிழமை, ஓர் அகதிக் குடும்பத்தின் அடுப்பிலிருந்து தெறித்த பொறி வைக்கோலில் விழுந்தது. அன்றைக்கு நல்ல காற்று. அணைக்கவும் தண்ணீர் போதவில்லை, ஏனென்றால் முதல் உலகப்போருக்காக நேச நாட்டுப் படைகள் ஊரைச் சுற்றி முகாமிட்டு, இருந்த தண்ணீரில் பெரும்பங்கை எடுத்துக்கொண்டிருந்தன. 32 மணி நேரம் எரிந்து 9,500 கட்டடங்கள் போயின, எழுபதாயிரம் பேருக்கு மேல் வீடிழந்தார்கள். நீங்கள் நடந்த நேர்நேரான தெருக்கள் அதற்கப்புறம் எர்னஸ்ட் எப்ரார் என்ற பிரெஞ்சுக்காரர் போட்ட திட்டம். எட்டு மாடிக் கட்டடங்கள் அதற்கும் பிந்தியவை, மனையை பில்டரிடம் கொடுத்துவிட்டு ஃபிளாட் வாங்கிக்கொள்ளும் முறையில் எழும்பியவை.

ஆனால் கட்டடம் போனது பெரிதில்லை. ஆட்களே மாறிப்போனார்கள், என்னை அந்த ஊர் பிடித்துவைத்திருப்பது அதனால்தான். கிரேக்கப் படை 1912இல் உஸ்மானியரிடமிருந்து ஊரைப் பிடித்து, மறுவருடம் தலையெண்ணியபோது மொத்தம் ஒன்றரை லட்சத்துக்குச் சற்று மேல். அதில் யூதர்கள் சுமார் 61,000, துருக்கியர் 46,000, கிரேக்கர்கள் 40,000. அந்த யூதர்களில் பெரும்பாலோர் 1492இல் ஸ்பெயின் விரட்டியடித்தவர்களின் வழிவந்தவர்கள். நானூறு வருடத்துக்கு அப்புறமும் வீட்டில் பழைய ஸ்பானிஷ்தான் பேசினார்கள், லதீனோ என்று அதற்குப் பெயர். வங்கிக்காரர்களிலும் யூதர்கள், கப்பலில் மூட்டை தூக்கியவர்களிலும் யூதர்கள். ஓய்வுநாளான சனிக்கிழமை துறைமுகமே மூடிக்கிடக்கும்! பேரும் ஆளுக்கொன்று: துருக்கியருக்கு செலானிக், யூதர்களுக்கு சலோனிகோ, பல்கேரியருக்கு சோலுன்.

1923இல் லொசான் நகரில் கிரேக்கமும் துருக்கியும் மக்களை மாற்றிக்கொள்ள ஒப்பந்தம் போட்டன. யார் எங்கே போவது என்பதை மதத்தை வைத்து முடிவு செய்தார்கள், மொழியை வைத்து அல்ல. துருக்கி மொழி மட்டுமே தெரிந்த கிறிஸ்தவர்கள் கிரேக்கத்துக்கு வந்தார்கள், கிரேக்க மொழி மட்டுமே தெரிந்த கிரீட் தீவு முஸ்லிம்கள் துருக்கிக்குப் போனார்கள். இப்படி ஒரு கோமாளித்தனத்தை ராஜதந்திரம் என்று பாராட்டியவர்களும் உண்டு. நவீன துருக்கியை உருவாக்கிய அத்தாதுர்க் பிறந்த வீடே இந்த ஊரில்தான் இருக்கிறது, துருக்கியின் துணைத் தூதரக வளாகத்துக்குள்.

துருக்கியர் போனபின் மிச்சமிருந்தவர்கள் யூதர்கள். 1942 டிசம்பரில் மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட கல்லறைகள் கொண்ட அவர்களின் இடுகாட்டை, இரண்டாம் உலகப்போரில் ஊரைப் பிடித்திருந்த ஜெர்மானியரின் அனுமதியோடு நகராட்சி ஆட்களை விட்டு உடைத்தது. கல்லறைக் கற்கள் நடைபாதைக்கும் சுவருக்கும் போயின. 1943 மார்ச் 15இல் நாஜிகளின் கொலைமுகாமான ஆஷ்விட்ஸுக்கு முதல் ரயில் கிளம்பியது, ஆகஸ்டுக்குள் நாற்பத்தைந்தாயிரத்துக்கு மேல் அனுப்பிவிட்டார்கள். திரும்பியவர்கள் மிகச் சொற்பம். இடுகாடு இருந்த இடத்தில் இன்று பல்கலைக்கழகம் நடக்கிறது, வளாகத்தில் ஒரு நினைவுச்சின்னம் வைக்கவே 2014 ஆயிற்று.

வேதாகமத்தில் ‘தெசலோனிக்கேயருக்கு எழுதின நிருபம்’ என்று இருக்கிறதே, பவுல் அதை எழுதியது இந்த ஊர்க்காரர்களுக்குத்தான். கி.பி. 50 வாக்கில் அவர் வந்து முதலில் பேசிய இடம் யூதர்களின் ஜெப ஆலயம். அப்போதே அங்கே இருந்தார்கள்.

உங்கள் மனைவி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இரண்டு நாளில் கண்ணால் பார்த்துவிட வேண்டுமென்றால் ஏதென்ஸ்தான் சரி. மறுபடி போக நேர்ந்தால் நெருப்புக்குத் தப்பிய மேல் ஊருக்கு, ஆனோ போலிக்கு, ஏறிப் பாருங்கள். அப்புறம் மெட்ரோவில் வெனிசெலோஸ் நிலையத்தில் இறங்குங்கள். அந்த மெட்ரோவை 2006இல் தோண்ட ஆரம்பித்தார்கள், 2024 நவம்பரில்தான் வண்டி ஓடியது, ஏனென்றால் தோண்டிய இடமெல்லாம் பழைய ஊர் கிடைத்துக்கொண்டே இருந்தது. சலவைக்கல் பாவிய கடைத்தெரு ஒன்றை நிலையத்துக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள்.