பாட்டா இந்திய நிறுவனம் இல்லையா? எப்படி இவ்வளவு பெரிதானது?

இல்லை. 1894-ல் இன்றைய செக் குடியரசின் ஸ்லின் ஊரில் தோமாஸ் பாட்டா, அண்ணன் அக்கா இருவரோடும் சேர்ந்து தொடங்கியது. நம் ஊரில் பாதிப் பேர் டாட்டாவோடு சேர்த்து இதையும் நம்மூர்க் கம்பெனி என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

திருப்பம் வந்தது 1922-ல். செக் நாணயத்தின் மதிப்பு ஏறியதால் ஏற்றுமதி படுத்துவிட்டது. மற்றவர்கள் ஆளைக் குறைத்தபோது, தோமாஸ் செருப்பு விலையைப் பாதியாக்கினார். தொழிலாளர் சம்பளத்தையும் 40% வெட்டினார். பதிலுக்கு உணவு, துணிமணியைக் கம்பெனியே பாதி விலைக்குக் கொடுத்தது. கடைகளில் கூட்டம் அள்ளியது. அடுத்து ஒவ்வொரு பட்டறைக்கும் தனிக் கணக்கு வைத்து, லாபத்தில் தொழிலாளருக்குப் பங்கு தந்தார். தாராள மனசு என்று சொல்லிவிட முடியாது. வீடு, பள்ளி, ஆஸ்பத்திரி எல்லாமே முதலாளி கையில் இருந்தால் யார் எதிர்த்துப் பேசுவார்கள்?

1930களில் பல நாடுகள் இறக்குமதி வரியை ஏற்றின. உடனே அந்தந்த நாட்டிலேயே தொழிற்சாலையும் ஊரும் கட்டினார்கள். கொல்கத்தா அருகே உள்ள பாட்டாநகர் அப்படி வந்ததுதான். 1932-ல் தோமாஸ் விமான விபத்தில் இறந்த பிறகும் விரிவாக்கம் நிற்கவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் செக் நாட்டில் இருந்த சொத்தை அந்த நாட்டு அரசு எடுத்துக்கொண்டது. மகன் கனடாவில் இருந்தபடி மீதியை நடத்தினார். இப்போது தலைமையகம் சுவிட்சர்லாந்தின் லோசானில்.

499, 999 என்று 9-ல் முடியும் விலையும் இவர்கள் பிரபலமாக்கியதுதான்.