அரிய வாட்டில் புதரையும் வயல் நத்தையையும் எப்படி ஒப்பிடுவது?

ஆஸ்திரேலியாவில் அரிதாகிவிட்ட ஒரு வாட்டில் புதரையும், வயலில் சர்வசாதாரணமாகத் திரியும் ஓடில்லாத நத்தையையும் ஒப்பிட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். ஒன்று செடி, ஒன்று பிராணி என்று தொடங்கினால்தான் எங்கும் போய்ச் சேராது. ஒன்று ஏன் அருகியது, மற்றது ஏன் பெருகியது என்று பாருங்கள்.

வாட்டில் நம் கருவேலுக்குச் சொந்தம்தான். பர்ப்பிள்வுட் வாட்டில் என்று ஒன்று உண்டு, நியூ சவுத் வேல்ஸின் மேற்கிலும் தெற்கு ஆஸ்திரேலியாவிலும் வறண்ட மண்ணில் மட்டும் வளர்வது, மரத்தின் உள்கட்டையான வைரம் ஊதா நிறம், இலை போலத் தெரிவது உண்மையில் தட்டையாகிப்போன காம்பு, அதன் நுனி முள்ளாகக் குத்தும். பெரும்பாலான இடங்களில் விதை பிடிப்பதே அபூர்வம். வேரிலிருந்து பக்கக்கன்று விட்டுத்தான் பிழைக்கிறது, அந்தக் கன்றும் தலைகாட்டியதுமே முயலும் ஆடுமாடும் கடித்துவிடுகின்றன, அந்த முயலே அங்கே மனிதன் கொண்டுபோய் விட்டது. கிழடுகள் நிற்கின்றன, பிள்ளைகள் இல்லை. எனக்கு இது ரொம்பவே வலிக்கிற விஷயம்.

சாம்பல் வயல் நத்தை ஐரோப்பாக்காரன். நீண்டாலும் 5 செ.மீ. அளவுதான், ஒரே உடம்பில் ஆணும் பெண்ணும், ஆயுள் ஏறக்குறைய ஒரு வருடம், அதற்குள் நூற்றுக்கணக்கில் முட்டை. ஈரம் இருந்தால் போதும், கிடைத்த தளிரைத் தின்னும். நாற்றோடும் தொட்டி மண்ணோடும் ஒட்டிக்கொண்டு ஆஸ்திரேலியா வரைக்கும் போய்விட்டது.

அப்புறம் நம்ம பக்கம். சோழவந்தானில் பெரியப்பாவின் கொடிக்காலில் ஐப்பசி மழைக்கு வருவது வேறு நத்தை: கருப்பு, தோல் மாதிரி தடிப்பு, நடுமுதுகில் வெளிர் கோடு. அதுவும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததுதான். உப்பைக் கொட்டாதீர்கள் பெரியப்பா, மண் கெட்டுவிடும் என்று ஒவ்வொரு வருடமும் சொல்கிறேன். நனைந்த சாக்கை விரித்து வைத்தால் விடியற்காலையில் அடியில் கூடியிருக்கும், பொறுக்கிவிடலாம்.

கொடைக்கானலுக்கு ஏறினால் இதே வாட்டில் குடும்பத்தில் இன்னொன்று, தோல் பதனிட உதவும் பட்டைக்காக நட்டது, சோலைக்காட்டுப் புல்வெளிகளை மூடிக்கொண்டு நிற்கிறது. அங்கே அதை வெட்டி எடுக்கச் சொல்வேன். ஆஸ்திரேலியாவில் அந்த ஊதா வைரக்காரனின் கன்றுகளைச் சுற்றி முயல் நுழையாத வேலி போடுவதுதான் முதல் வேலை.