ஹியூமிடிஃபையருக்கு முன்னால் ஈரமானி

கேள்வி: காரைக்குடியில் பழைய வளவு வீடு. இரண்டாங்கட்டில் 10க்கு 12 அடி அறை ஒன்றுக்கு மட்டும் ஏசி போட்டிருக்கிறோம். ஆத்தாவுக்கு 70 வயது. காலையில் தொண்டை வறண்டு, மூக்கு அடைத்துக்கொள்கிறது. கடையில் காற்றில் ஈரம் சேர்க்கும் 4 லிட்டர் அல்ட்ராசோனிக் ஹியூமிடிஃபையரைக் காட்டி, மூச்சு லேசாகும் என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: முதலில் காற்றின் ஈரத்தைச் சதவீதத்தில் காட்டும் டிஜிட்டல் ஈரமானி ஒன்று வாங்குங்கள், சில நூறு ரூபாய்தான். ஏசிக் காற்று நேரே படாமல் கட்டிலருகே வைத்து, மூன்று நாள் விடிகாலையில் என்ன காட்டுகிறது என்று குறித்து வையுங்கள். 40 முதல் 50 சதவீதம் என்றால் கருவியே வேண்டாம். ஏசிக் காற்று முகத்தில் அடிக்கிறதா, ஃபில்டரில் தூசி அடைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஏசியில் காற்றைத் திருப்பும் மடலை மேலே திருப்பி, குளிரை 26 டிகிரியில் வையுங்கள்; ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுங்கள்.

35க்குக் கீழே இறங்கினால் வாங்கலாம். 4 லிட்டர் என்பது தொட்டியின் கொள்ளளவுதான். மணிக்கு எத்தனை மில்லி விடும் என்று பெட்டியில் பாருங்கள். உங்கள் அறைக்கு 200 மில்லி போதும். அதிலும் ஒரு பங்கை ஏசி பிடித்து வெளிக்குழாயில் சொட்டவிட்டுவிடும். 50 சதவீதத்தில் தானே நிற்கும் வகையாகவும், தொட்டிக்குள் கை நுழைவதாகவும் இருக்கட்டும்.

அல்ட்ராசோனிக் கருவி தண்ணீரை உப்போடு சேர்த்தே பனியாக்கும். போர் தண்ணீர் ஊற்றினால் ஆத்தங்குடிக் கல் தரையிலும் கட்டிலிலும் வெள்ளைப் பொடி படியும். அதையேதான் ஆத்தாவும் சுவாசிப்பார்கள். ஆர்ஓ தண்ணீரில் இது குறையும், டிஸ்டில்டு தண்ணீரில் அநேகமாக இருக்காது. ஈரத்திரியில் மின்விசிறி ஊதும் வகையில் உப்பு திரியிலேயே தங்கிவிடும். திரியை அவ்வப்போது மாற்ற வேண்டும், கொஞ்சம் சத்தமும் உண்டு. உங்களுக்கு அதுவே மேல். நீரைக் கொதிக்க வைக்கும் வகை லிட்டருக்கு ஏறக்குறைய 0.7 யூனிட் தின்னும்; பிள்ளைகள் தட்டிவிட்டால் வெந்தும் போகும்.

தினமும் மிச்சத் தண்ணீரைக் கொட்டித் துடைத்துக் காயவிடுங்கள். தொட்டி வழுவழுத்தால் கிருமி சேர்ந்துவிட்டது என்று பொருள். மூன்று நாளைக்கு ஒருமுறை வினிகரும் தண்ணீரும் சமமாக ஊற்றி அரைமணி நேரம் ஊறவிட்டு, மென்மையான பிரஷால் தேய்த்து, வாசனை போகும்வரை அலசுங்கள். அல்ட்ராசோனிக் கருவியில் அடியிலுள்ள வட்டத் தகட்டைக் கத்தியால் சுரண்டினால் கருவி போச்சு. யூகலிப்டஸ் தைலம் விடவே கூடாது. பிளாஸ்டிக் விரிசல் விடும், மூச்சுக்குழலும் எரியும்.

சுண்ணாம்புச் சுவரிலிருந்து மூன்றடி தள்ளி வையுங்கள், இல்லாவிட்டால் கரும்பூஞ்சை பூக்கும். ஆத்தாவுக்கு மூச்சிளைப்பு இருந்தால் டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள். ஈரம் 50க்கு மேல் நின்றால் தூசிப்பூச்சி பெருகி இளைப்பைக் கூட்டும்.

கேள்வி: அதையே பகலில் முற்றத்தை ஒட்டிய பட்டாலையில் வைத்தால்?

பதில்: வீண். வளவு முற்றம் வானத்தைப் பார்த்துத் திறந்து கிடக்கிறது. விடுகிற ஈரமெல்லாம் அந்த வழியே போய்விடும்.